பேஸ் கிட்டாரின் வரலாறும் நமது தேர்வும்

நம் சங்கத்தின் மெல்லிசைக் குழுவுக்கு மின்சார பேஸ் கிட்டார் ஒன்று வாங்குவது என்று செயற்குழு தீர்மானித்திருப்பதை அன்பர்கள் அறிவார்கள். அதற்காக வீடு வீடாகச் சென்று திரட்டிய தொகையில் ஓய்வூதியம் பெறும் பெரியோர் அளித்த பணம் உண்டு. பிள்ளைகள் உண்டியலைத் திறந்து கொடுத்த சில்லறையும் உண்டு. இத்தகைய பணத்தைச் செலவிடுமுன் நாம் வாங்கப் போகும் பொருள் இன்னதென்று தெளிந்து கொள்வது முறையாகும்.

இளைஞர்கள் நால்வர் கூடினால் நான்கு பெயர்கள் எழுகின்றன. ஒருவர் ‘பிரிசிஷன்’ என்கிறார். ஒருவர் ‘ஜாஸ்’ என்கிறார். ஒருவர் பிடில் வடிவமுள்ளதே அழகு என்கிறார். மற்றொருவர் ஐந்து தந்தி இல்லாவிட்டால் இக்காலத்துக்கு உதவாது என்கிறார். பெரியவர்களோ, “எல்லாம் ஒன்றுதானே, விலை குறைந்ததை வாங்கிவிடுங்கள்” என்கிறார்கள். இந்த மாதிரிகள் ஒவ்வொன்றும் ஒரு குறையைத் தீர்க்கப் பிறந்தவை. எந்தக் குறையைத் தீர்க்க எது பிறந்தது என்பதை அறிந்தால், நம் குறைக்கு எது மருந்து என்பது தானே விளங்கும். அந்த நோக்கத்துடனேயே இவ்வரலாற்றை ஈண்டு சுருக்கமாகத் தருகிறோம்.

தாழ்ந்த ஒலியின் தேவை

சாதாரண கிட்டாருக்கு ஆறு தந்திகள். பேஸ் கிட்டாருக்கு நான்கு. கிட்டாரின் தாழ்ந்த நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே இவை சுருதி கூட்டப்படும். மிகத் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் அது வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அடுத்தவை 55, 73, 98 முறை அதிரும். பாடகரின் குரலுக்கும் தாளக் கருவிகளுக்கும் நடுவே நின்று, பாட்டின் சுருதியையும் நடையையும் ஒருங்கே தாங்குவது இதன் பணி. தனியே கேட்டால் பலருக்கு இது காதில் விழுவதேயில்லை. நிறுத்திவிட்டால் மட்டும் பாட்டுக்கு அடித்தளம் போய்விட்டது என்று எல்லாரும் உணர்வார்கள்.

மேனாட்டில் இப்பணியை முன்னர்ச் செய்து வந்தது ‘டபிள் பேஸ்’ என்னும் பெரிய வில்வாத்தியம். ஆள் உயரத்தையும் மிஞ்சி நிற்கும் அதனை நிமிர்த்தி நிறுத்தித்தான் வாசிக்க வேண்டும். அதற்கு மெட்டுகள் கிடையாது. பிடிலைப் போல விரலின் இடம் சிறிது தவறினாலும் சுருதி விலகிவிடும். எக்காளங்களும் முரசும் முழங்கும் நடனக் குழுக்களில் அதன் ஒலி அமுங்கிப் போயிற்று. ஊர் விட்டு ஊர் செல்லும் குழுவினருக்கு அதனை ஏற்றி இறக்குவதே பெரும்பாடு. பார்சல் ஆபீசில் காலம் கழித்த நமக்கு, அத்தகைய ஒரு சுமையைப் பிரேக் வண்டியில் சேதமின்றி அனுப்புவது எவ்வளவு கடினம் என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் முயற்சியும் வெற்றியும்

1930ஆம் ஆண்டுகளின் இடையில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் ‘ஆடியோவாக்ஸ் 736’ என்ற கருவியைச் செய்தார். மெட்டுகள் பதித்து, கிடையாகப் பிடித்து, மின்சாரத்தால் ஒலிபெருக்கும் பேஸ் கிட்டார் அது. இன்றைய கருவிக்கு வேண்டிய இலக்கணம் யாவும் அதில் இருந்தன. ஆயினும் அது சிலவே விற்று, மறைந்து போயிற்று.

வெற்றி கண்டவர் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரத்து லியோ ஃபெண்டர். 1909இல் பிறந்த இவர் ரேடியோ பழுது பார்க்கும் கடை நடத்தியவர்; கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கடைக்கு வரும் இசைஞர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார். 1951இல் அவர் வெளியிட்ட கருவிக்குப் ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயர். ‘பிரிசிஷன்’ என்றால் துல்லியம். வீணையில் போல மெட்டுகள் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும் என்பது பெயரின் பொருள். உள்ளீடற்ற பெட்டி இல்லை. கெட்டிப் பலகையே உடல். தோளில் வாரிட்டு மாட்டிக்கொண்டு நடக்கலாம். அடுத்த ஆண்டே இதற்கென ‘பேஸ்மேன்’ என்ற ஒலிபெருக்கியையும் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

ஒலி எழும் விதம் நம் சிக்னல் பணிமனை அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதற்குப் ‘பிக்கப்’ என்று பெயர். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்கும்.

லயனல் ஹாம்ப்டன் என்ற புகழ்பெற்ற இசைஞரின் குழுவில் இருந்த மங்க் மாண்ட்கமரி, டபிள் பேஸை விடுத்து இக்கருவியை ஏந்தியவர்களுள் முன்னோடி. 1953ஆம் ஆண்டளவில் அவர் கையில் இது பலர் கண்ணிலும் பட்டது. ‘ஃபெண்டர் பேஸ்’ என்ற சொல்லே சில காலம் கருவியின் பொதுப்பெயராக வழங்கியது.

இரைச்சலை வென்ற கதை

முதல் பிரிசிஷனில் ஒரு குறை இருந்தது. கம்பிச் சுருள் தந்தியின் அதிர்வை மட்டுமா பற்றும்? சுற்றிலுமுள்ள மின்கம்பி, மின்மாற்றி, குழல் விளக்கு ஆகியவற்றின் இரைச்சலையும் பற்றும். நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. பேஸ் கிட்டாரின் முதல் தந்தியில் மூன்றாம் மெட்டை அழுத்தினால் வருவது ஏறத்தாழ 49. ஆக, இந்த இரைச்சல் பேஸ் கிட்டாரின் ஸ்வரங்களுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1957இல் லியோ ஃபெண்டர் பிக்கப்பை இரண்டு துண்டாக்கினார். ஒரு பாதி இரண்டு தந்திகளுக்கு. மறு பாதி மற்ற இரண்டுக்கு. இரண்டையும் எதிரெதிராக இணைத்ததால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு பாதிகளிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலி மட்டும் நிற்கிறது. இந்தப் பிரிந்த பிக்கப்தான் இன்றுவரை பிரிசிஷன் வகையின் அடையாளம். இதன் ஒலி திரண்டது. பல கருவிகள் முழங்கும்போதும் தனக்குரிய இடத்தை விட்டுக் கொடாதது.

பிடில் வடிவமும் புலம்பெயர்ந்தோரும்

கிப்ஸன் நிறுவனத்தார் 1953இல் பிடில் வடிவத்தில் தங்கள் மின்சார பேஸை வெளியிட்டனர். டபிள் பேஸ் வாசித்துப் பழகியவர்கள் நிறுத்தி வைத்தும் வாசிக்கும்படி அதன் அடியில் நீட்டும் கம்பி ஒன்று வைத்தனர். ஃபெண்டரின் கருவியில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம்; கிப்ஸனுடையதில் 30.5 அங்குலம்.

இந்த மூன்றரை அங்குலத்தில் பெரிய செய்தி அடங்கியுள்ளது. தந்தி நீண்டால் ஒலி தாழும், தடித்தாலும் தாழும், தளர்ந்தாலும் தாழும். நீளத்தைக் குறைத்து அதே தாழ்ந்த ஸ்வரம் வேண்டுமானால் தந்தியைத் தளர்த்த வேண்டும் அல்லது தடிமனாக்க வேண்டும். அப்போது ஒலி உருண்டு மென்மையாகும். கூர்மை சிறிது குறையும். மாறாக, மெட்டுகள் நெருங்கி வருவதால் சிறிய கைக்கு எளிதாகும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும் என்பதே இதிலுள்ள நியதி.

பிடில் வடிவத்தை உலகறியச் செய்தது ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம். இதன் வரலாறு நம்போல் வெளியூரில் வாழும் குடும்பங்கள் அறியத்தக்கது. 1887இல் பொஹீமியா நாட்டின் ஷோன்பாக் என்ற ஊரில் இது பிடில் பட்டறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வூரின் ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டனர். வாத்தியம் செய்யும் குடும்பங்கள் பல பவேரியாவிலுள்ள பூபன்ராய்ட் என்ற சிற்றூரில் புதிதாகக் குடியேறின. சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் கைத்தொழிலை விட்டுவிடவில்லை. பிடில் செய்த கைகளே 1956இல் ‘500/1’ என்னும் பிடில் வடிவ பேஸை உலகுக்கு அளித்தன. உள்ளீடற்ற உடல்; ஆகவே எடை மிகக் குறைவு. தந்தியின் நீளமும் 30 அங்குலமே.

1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்த ஆங்கிலேய இளைஞர் பால் மெக்கார்ட்னி இதனை வாங்கினார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். இருபுறமும் ஒத்த வடிவமாதலின் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பது ஒரு காரணம். ஃபெண்டரை வாங்கும் வசதி அப்போது அவரிடம் இல்லை என்பது மற்றொன்று. பின்னர் பீட்டில்ஸ் குழுவின் புகழோடு அக்கருவியும் புகழ் பெற்றது. 1972இல் திருடு போன அந்த முதல் பேஸ், அரை நூற்றாண்டு கழித்து மீட்கப்பட்ட செய்தி 2024இல் வெளியாயிற்று. கைக்கு எட்டிய விலையில் கிடைத்த கருவியாலும் உலகம் கேட்கும் இசையைப் படைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஜாஸ் பேஸும் பிறவும்

1960இல் ஃபெண்டர் நிறுவனம் ‘ஜாஸ் பேஸ்’ என்ற இரண்டாவது மாதிரியை வெளியிட்டது. இதில் பிக்கப்புகள் இரண்டு. ஒன்று கழுத்துப் பக்கம். மற்றொன்று பாலத்தின் பக்கம். கழுத்துப் பக்கத்து ஒலி கனமானது. பாலத்துப் பக்கத்து ஒலி கூரியது. இரண்டையும் வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் திறந்தால் பழைய இரைச்சல் தலைகாட்டும். இரண்டையும் சம அளவில் வைத்தால் தணியும். கழுத்தும் மெல்லியது. தலைப்பக்கத்தில் பழைய பிரிசிஷனின் அகலம் 1.75 அங்குலம், ஜாஸ் பேஸுக்கு 1.5 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. விரல்கள் விரைந்து ஓட இது மிகவும் உதவும்.

அடுத்த ஆண்டில் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் ‘4001’ வந்தது. அதன் கழுத்து மரம் உடலின் நடுவே கடைசி வரை ஊடுருவிச் செல்லும். ஒலி மணியோசை போல் கணீரென்று இருக்கும்.

1965இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். என்ற பெருங்கம்பெனிக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது. அதற்கு முந்திய கருவிகளுக்கு இன்று பெருமதிப்பு. ஆயினும் லியோ ஃபெண்டர் ஓயவில்லை. அவர் பங்கு கொண்ட மியூசிக் மேன் நிறுவனம் 1976இல் ‘ஸ்டிங்ரே’ என்ற மாதிரியை வெளியிட்டது. அதன் உடலுக்குள்ளேயே பேட்டரியால் இயங்கும் சிறிய ஒலித்திருத்தி உண்டு. ஒலி பளிச்சென்று எழும். பேட்டரி தீர்ந்துவிட்டால் அரங்கின் நடுவே கருவி ஊமையாகிவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1991இல் மறையும் வரை லியோ ஃபெண்டர் கருவிகளை வடிவமைத்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவது தந்தி 1970களின் இடையில் சிலரால் சேர்க்கப்பட்டு, 1980களில் பரவியது. மின்னணு விசைப்பலகைகள் மிகத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பத் தொடங்கியபின் பேஸ் வாசிப்போரும் கீழே இறங்க வேண்டியதாயிற்று. அத்தந்தி வினாடிக்கு 31 முறையே அதிரும். அதனைத் தெளிவாகக் கேட்பிக்கப் பெரிய ஒலிபெருக்கி வேண்டும், கழுத்தும் அகன்றுவிடும்.

கருவியும் கையும்

மாதிரிகளைப் பற்றி இவ்வளவு கூறிய பின், இரு கலைஞர்களைச் சொல்லாவிட்டால் வரலாறு நிறைவுறாது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டினார். ஜாக்கோ பஸ்டோரியஸ் என்பவரோ ஒரு பழைய ஜாஸ் பேஸின் மெட்டுகளையெல்லாம் பிடுங்கி, பள்ளங்களை நிரப்பி, மேலே படகுக்குப் பூசும் பிசினைத் தடவி வாசித்தார். அவருடைய முதல் இசைத்தட்டு 1976இல் வெளிவந்தது. துல்லியத்துக்காக ஒருவர் பதித்த மெட்டை மற்றொருவர் கமகத்துக்காக நீக்கினார். இருவரும் இன்று ஆசான்களாகப் போற்றப்படுகின்றனர்.

அதே 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் மூலம் இளையராஜா அறிமுகமானதைத் தமிழர் மறக்க மாட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டார், குரலின் கீழே தனக்கென ஒரு மெட்டு வகுத்துக்கொண்டு இன்னொரு பாடலாகவே ஓடுவதைக் கூர்ந்து கேட்போர் அறிவர். நம் குழு அப்பாடல்களை இதுவரை விசைப்பலகையின் இடக்கைப் பக்கத்தால் ஒப்பேற்றி வந்தது. இப்போது இக்கருவியை நாடுவதற்கு அதுவே தலையாய காரணம்.

மேனாட்டுக் கருவி தமிழ்ச் சங்கத்துக்கு எதற்கு என்று பெரியோர் சிலர் வினவினர். பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டாரிடம் பிடில் கற்று இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று பிடில் இல்லாத கச்சேரி மேடை அரிது. தவிரவும், நம் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் இந்தியே பேசுகின்றனர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வர மறுக்கும் பிள்ளை, இசைக்குழுவின் ஒத்திகைக்குத் தவறாமல் வருகிறது. வந்த இடத்தில் பாட்டின் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கவும் பழகுகிறது. இது நாம் கண்ணாரக் காண்பது.

நம் தேர்வு

இனி நம் தேவைகளை எண்ணுவோம். இக்கருவியைக் கையாள இருப்போர் இருவர். ஒருவர் பணிமனையில் ஃபிட்டராக உள்ள அன்பர். அவர் கை பெரிது. மற்றவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவர் விரல்கள் சிறியன. வாசிக்கும் இடம் நம் சமுதாயக் கூடம். அங்கே குழல் விளக்குகள் நிறைய, எர்த் இணைப்போ நம்பத்தக்கதன்று. பழுது பார்க்கும் வல்லுநர் அருகில் இல்லை.

இரைச்சலை எண்ணினால் பிரிசிஷன் வகைப் பிக்கப் வேண்டும். மாணவியின் விரலை எண்ணினால் ஜாஸ் வகைக் கழுத்து வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த மாதிரிகள் ஆசிய நாடுகளில் தயாராகி நடுத்தர விலையில் இன்று கிடைக்கின்றன. பிடில் வடிவம் அழகுதான். ஆனால் உள்ளீடற்ற உடல் உரத்த ஒலிபெருக்கியின் முன் ஊளையிடக் கூடும். ஐந்தாம் தந்தி நம் பாடல்களுக்கு இப்போது இன்றியமையாததன்று. பேட்டரி வேண்டாத எளிய அமைப்பே நமக்கு ஏற்றது. ஆகவே நான்கு தந்தி, 34 அங்குல நீளம், பிரிந்த பிக்கப், மெல்லிய கழுத்து என்பதே நம் பரிந்துரை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் கற்க முன்வந்தால், பின்னொரு நாள் 30 அங்குலக் கருவி ஒன்றைத் தனியே எண்ணிப் பார்க்கலாம்.

மேலும் மூன்று செய்திகளைச் செயற்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். முதலாவது, தொகை முழுவதையும் கருவிக்கே செலவிடலாகாது. சாதாரண கிட்டாருக்கான சிறு ஒலிபெருக்கியில் பேஸை இணைத்து உரக்க வாசித்தால் அதன் ஸ்பீக்கர் கெட்டுவிடக் கூடும்; பேஸுக்கென உள்ள ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டாவது, தலைப்பகுதியிலுள்ள பெயரை மட்டும் நம்பி வாங்கலாகாது. பெயர் ஒட்டிய போலிகளும் சந்தையில் உண்டு. கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்து, ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். மூன்றாவது, நம் ஊரில் பனிக்காலத்து வறட்சியிலும் மழைக்காலத்து ஈரத்திலும் கழுத்து மரம் அசையும். உள்ளே உள்ள எஃகுக் கம்பியை ஆண்டுக்கு இருமுறை பக்குவமாகத் திருகிச் சரி செய்ய வேண்டும். ஃபிட்டர் அன்பர் இப்பொறுப்பை ஏற்க இசைந்துள்ளார்.

கருவி வந்து சேர்ந்ததும் அதனைச் சங்க அலமாரியில் பூட்டி வைத்துப் பாதுகாப்பதே கடமை என்று எண்ணிவிட வேண்டாம். நூலகப் புத்தகத்தைப் போலப் பதிவேட்டில் கையொப்பமிட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று பழகும் முறையை ஏற்படுத்த வேண்டும். மாணவிக்கு வாரம் நான்கு நாள், ஃபிட்டர் அன்பருக்கு மூன்று நாள் என்று வகுக்கலாம். அடுத்த ஆண்டு விழாவில் பாட்டு தொடங்கும்போது, கொடுத்த பணம் எங்கே ஒலிக்கிறது என்று நன்கொடை அளித்த ஒவ்வொருவரும் தாழ்ந்த அந்த ஒலியைத் தேடிக் கேட்பார்களாக.